கை தூக்கி முடிவான வாக்கியம்

நம் செட்டு ஆட்கள் எங்கே கூடினாலும் இப்போது சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்குகிறது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். "என்ன சார் சிரிக்கறீங்க?" என்பார். எட்டாம் வகுப்பில் ஏறியது டாக்டர், இன்னும் இறங்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்களும் பழைய செல்போனில் ஒரே பட்டனை மூன்று தடவை அமுக்கி ஓர் எழுத்து வரவழைத்த காலத்துப் பிள்ளைகள்தான். பயம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகிற பாதையில், முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. பள்ளிக்கூடம் மட்டும் டவுன்ஷிப்புக்குள். உள்ளே கோடு கிழித்த மாதிரி சாலைகள், இருபுறமும் மரம், குவார்ட்டர்ஸ் வாசலில் பகலிலும் அணைக்க மறந்த விளக்கு. வெளியே எங்களுக்கு, அந்த வருஷங்களில், கரண்ட் என்பது எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்துச் சொந்தக்காரன். அப்பா அள்ளிப் போட்ட கரியில் எரிந்த விளக்குகளை நாங்கள் வாசலில் உட்கார்ந்து தூரத்தில் பார்ப்போம். இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. இருட்டு எனக்குப் பிடிக்கும். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அம்மா வரும்போது 'பே' என்று கத்துவேன். பிறகு என் சத்தத்துக்கு நானே பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். பயமுறுத்துவதிலும் பயப்படுவதிலும் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. சுரங்கத்திலிருந்து கரி நீளமான பெல்ட்டில் ஓடி வரும். ஓடும்போது சிந்தும். சிந்தியதை அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போட வேண்டும். போட்டுவிட்டு நிமிர்ந்தால் மறுபடி சிந்தியிருக்கும். இதுதான் வேலை. நெய்வேலிக் கரி கறுப்பாக இருக்காது, பழுப்பாக இருக்கும். கையில் எடுத்தால் காய்ந்த கேக் மாதிரி உதிரும். அப்பா வீட்டுக்கு வந்ததும் குளிப்பார். குளித்த பிறகும் புருவத்தில் மட்டும் அந்தப் பழுப்புத் தூள் நிற்கும். மழை பெய்தால் ஊர் முழுக்க ஈரக்கரி வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது நனைந்த மரத்தூள் வாசனை வந்தால் என் கை தானாகக் கால்சட்டையைத் தொட்டுப் பார்க்கிறது. காரணம் பின்னால் வரும்.

அப்பா காண்டிராக்டில் இருந்தார். காண்டிராக்டர் தருகிற கேட் பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பாஸ் அவ்வப்போது முடியும். மறுபடி அவர்தான் புதுப்பித்துத் தர வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரப்பர் பேண்டு போட்ட பாஸ் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் வராவிட்டால் வேலை இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிற வழக்கமும் இல்லை.

அதனால் எங்கள் பக்கத்தில் பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. பெண் பார்க்க வந்தால் பையன் சிவப்பா கறுப்பா என்பதற்கு முன் "பெர்மனென்டா?" என்பார்கள். அம்மா சாமி கும்பிடும்போது என் படிப்பு இரண்டாவதாகத்தான் வரும். முதலில் அப்பாவின் பெர்மனென்ட்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள், எல்லோரும் கொஞ்ச நாளில் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். மேடம் மட்டும் மாறவே இல்லை. அவர் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதாக எனக்குத் தோன்றும். அவர் கையில் குச்சி கிடையாது. பார்வை இருந்தது. அது போதும்.

அன்று அவர் ஆசைப்படுவது எப்படி என்று பாடம் நடத்தினார்.

"இருக்கிறதுக்கு எவனாவது ஆசைப்படுவானா? இல்லாததுக்குத்தான ஆசைப்படுவோம். அதனால இங்கிலீஷ்காரன் என்ன பண்ணியிருக்கான்னா, வினைச்சொல்ல ஒரு படி பின்னால தள்ளி வச்சிருக்கான். இப்ப இல்ல, கைக்கு எட்டல, அதுக்கு அடையாளம். 'இஸ்' போடாத, 'வேர்' போடு. 'கேன்' போடாத, 'குட்' போடு. அடுத்தவன் ஒரு காரியத்த செய்யாம இருக்கான், அவன் செய்யணும்னு ஆசைப்பட்டா 'வுட்' போடு. நடக்கும்னு நம்பிக்கை இருந்தா 'விஷ்' பக்கமே போகாத, 'ஹோப்'னு சொல்லிட்டுப் போ."

எனக்கு இதில் என்ன வேடிக்கை தோன்றியதோ, பக்கத்துப் பையனின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தேன். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"என்னல பல்லக் காட்டுத? உனக்காகவே ஒரு வாக்கியம் சொல்லுதேன் கேளு. ஐ விஷ் யூ வுட் ஸ்டாப் லாஃபிங். நீ சிரிப்ப நிறுத்தணும்னு நான் ஆசைப்படுதேன், நீ நிறுத்த மாட்டேங்க. புரியுதா? இப்ப நீ ஒண்ணு சொல்லு."

எழுந்து நின்றேன். ஆசை என்று யோசித்தால் ஒன்றுகூட வரவில்லை. பயந்தவனுக்கு ஆசை ஏது? அம்மாவின் சாமி கும்பிடுதல்தான் ஞாபகம் வந்தது.

"ஐ விஷ் மை ஃபாதர் இஸ் பெர்மனென்ட்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் என்னைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள். மேடம் என் பக்கத்தில் வந்தார். பிறகு, "இஸ் இல்லல, வேர்" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"அப்பா ஒருத்தர்தானே மேடம்? வேர் எதுக்கு?"

"ஆசையில ஒருத்தருன்னாலும் வேர்தாம்ல. உக்காரு."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டவுன்ஷிப்பில் இங்கிலீஷ் வருஷப் பிறப்பை ஒட்டி அதிகாரிகள் வீட்டம்மாமார்கள் சேர்ந்து ஒரு விழா நடத்துவார்கள். பள்ளிக்கு ஒரு பிள்ளை மேடையேறி இங்கிலீஷில் ஓர் ஆசையைச் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். முடிகிற ஆசையாக இருந்தால் அங்கேயே நிறைவேற்றிவிடுவார். முந்தின வருஷம் ஒரு பெண் பிள்ளை டெலஸ்கோப் கேட்டு வாங்கிவிட்டது. எங்கள் பள்ளிக்குப் பேச வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மேடம் என் வாக்கியத்தை அனுப்பிவிட்டார்.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சட்டை துவைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வாக்கியத்தை இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னேன். அப்பா சோப்பைக் கீழே வைத்தார். அது வழுக்கி ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அந்த மேடையில யாரு உக்காந்திருப்பாங்க தெரியுமாடா?"

"பெரிய அதிகாரிப்பா."

"அவருக்கு முன்னாடி வரிசையில யாரு உக்காந்திருப்பாரு தெரியுமா? பரிசெல்லாம் வாங்கிக் குடுக்கறவரு. எங்க காண்டிராக்டரு. அவரு எதுக்கால நின்னு எங்கப்பன பெர்மனென்ட் ஆக்குன்னு கேக்கறதும், எங்கப்பன் பாஸ கிழிச்சிப் போடுன்னு சொல்றதும் ஒண்ணுதான்டா."

அம்மா அடுப்படியிலிருந்து, "கேக்கட்டுமேங்க. புள்ள கேட்டா குத்தமா?" என்றார்.

"நீ சும்மா இரு. பாஸு போனா நீயா வந்து சோறு போடுவ? டேய், சைக்கிளு வேணும்னு கேட்டுட்டு எறங்கிடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்தால் அப்பாவின் வேலை போகும். அன்று சாயங்காலம் மூன்று தடவை தோப்புப் பக்கம் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விஷயம் எப்படிக் கசிந்ததோ தெரியாது. அம்மாதான் கசியவிட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சங்கத்து மாமா வந்துவிட்டார். அம்மா ஊர்க்காரர் என்பதால் எனக்கு மாமா. அப்பாவோடு அதே பெல்ட்டில் கரி அள்ளுகிறவர். தொழிற்சங்கத்தில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, குரல் மட்டும் உண்டு. கேட் கூட்டத்தில் மைக் பழுதானால் "அவன கூப்புடு" என்பார்களாம். அந்த வருஷம் காண்டிராக்ட் ஆட்கள் பெர்மனென்ட் கேட்டு அடிக்கடி கேட்டில் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, மேடையேறப் போறியாமே!" என்று என்னை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். பின்னாலேயே அப்பா, "மச்சான், மச்சான், சின்னப் பையன் மச்சான்" என்று வந்தார்.

டீக்கடையில் முதல் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் ஒரு இருபது முப்பது பேர் இருந்தார்கள். என்னைப் பெஞ்சின் மேல் நிறுத்தினார் மாமா. பஜ்ஜி எண்ணெய்ப் புகை நேராக என் மூக்குக்கு வந்தது.

"சொல்றா அந்த வாக்கியத்த."

சொன்னேன். வேர் ஏன் வந்தது என்றும் மேடம் சொன்னபடியே சொன்னேன். இப்ப இல்ல, கைக்கு எட்டல, தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

"அடப்பாவி, எட்டலன்னு நாமளே ஒத்துக்கினு போயி கேக்கணுமா?" என்றார் ஒருவர்.

"அதான் எட்டலியே."

"எட்டலன்னாலும் மேடையில போயி சொல்லுவியா? வேலை கேட்டுப் போறப்ப எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்ற மாதிரி இருக்குது."

"வேற சொல்லு இல்லியாடா தம்பி?"

"ஹோப் இருக்குதுங்க. நடக்கும்னு நம்பிக்கை இருந்தா ஹோப்."

ஓய்வு வயதை நெருங்கிய ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அத்தயே சொல்லச் சொல்லு. நான் மீச மொளச்ச நாள்லேந்து ஹோப்புலதான் இருக்கறேன்" என்றார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"இன்னொண்ணும் இருக்குது இல்ல?" என்றார் மாமா. அவருக்கு எப்படித் தெரிந்தது? என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

"வுட், மாமா. அடுத்தவங்க செய்யணும், செய்யாம இருக்காங்கன்னா அது."

மாமா பெஞ்சில் ஓங்கித் தட்டினார். நான் விழப் பார்த்தேன். "அதான்யா நம்ம சொல்லு! யாரு செய்யணுமோ அவன் மூஞ்சியப் பாத்து, நீ செய்யாம உக்காந்துகினு இருக்கற, செய்யி! அதுக்கு எப்படிடா வரும்?"

"ஐ விஷ் யூ வுட் மேக் மை ஃபாதர் பெர்மனென்ட்."

"மை ஃபாதர் இன்னா மை ஃபாதர், அவர் ஃபாதர்ஸுன்னு போடு. எல்லாரும் வரட்டும்."

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மச்சான், அது கோவமா கேக்கற சொல்லு. டீச்சரம்மா இவன் சிரிச்சதுக்கு அத வெச்சித்தான் திட்டியிருக்குது. கோவம் வேணாம். பாஸு போயிடும்."

"கோவம் இல்லாம இதுவரைக்கும் இன்னா கெடைச்சிச்சி?"

வாக்குவாதம் முற்றியது. ஒருவர் வேர்தான் மரியாதை என்றார். இன்னொருவர் மரியாதைக்கு வேண்டுமானால் கடைசியில் ப்ளீஸ் போட்டுக்கொள்ளலாம் என்றார். கடைசியில் கேட்டில் எப்படி முடிவெடுப்பார்களோ அப்படியே எடுத்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். ஒரு வினைச்சொல்லுக்காக ஓட்டெடுப்பு நடந்தது உலகத்தில் அங்கேதான் இருக்கும். வேருக்கு நாலைந்து கைகள். ஹோப்புக்கு அந்தப் பெரியவர் ஒருவர், அதுவும் விளையாட்டாக. வுட்டுக்குக் கடை முழுக்க. அப்பா எதற்கும் தூக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தபோது கை பாதி வரை எழுந்தது, அப்படியே காதைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். மேடம் சொன்னது வேர், மாற்றினால் தோலை உரித்துவிடுவார். கடை முடிவு வுட், மாற்றினால் முப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பா சொன்னது சைக்கிள், மாற்றினால் சோறு கிடையாது. எனக்கு ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மை போட வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன். அதற்கும் முயன்றேன். அம்மை போட்ட பெண்ணின் வீட்டு வாசலில், வேப்பிலைக்குக் கீழே, மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டேன். வரவில்லை. அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தால் காய்ச்சல் வரும் என்றார்கள். வைத்தேன். சட்டையெல்லாம் சாம்பார் வாசனை அடித்ததுதான் மிச்சம். அம்மா அந்த வெங்காயத்தைக் கழுவிக் குழம்பில் போட்டுவிட்டார்.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் புல்லட் சத்தம் கேட்டது. காண்டிராக்டர். அவர் எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"பையன் மேடையில பேசறானாமே?"

"ஆமாங்க. சின்னப் பையங்க, ஏதோ ஸ்கூல்ல..."

"பேசட்டும்யா. நம்ம பையன்தான? பரிசு நான்தான் வாங்கிக் குடுத்திருக்கறேன். டிபன் பாக்ஸு. நல்ல ஸ்டீலு." என்னைக் கிட்டே கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். கையில் ஜவ்வாது வாசனை. "இன்னா பேசப் போற தம்பி?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

"பறவை, பட்டாம்பூச்சி, அந்த மாதிரி பேசு. கேக்கறதுக்கு நல்லா இருக்கும்" என்றார் காண்டிராக்டர். எழுந்து செருப்பைப் போடும்போது அப்பாவிடம், "இந்த மாசம் பாஸு ரெனீவல் இல்ல?" என்றார்.

"ஆமாங்க."

"ம்."

அவ்வளவுதான். புல்லட் போய் வெகுநேரம் ஆகியும் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, "சைக்கிளுகூட வேணாம்டா. பறவைன்னே சொல்லிடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கெஞ்சினார்.

விழா நாளன்று மழை தூறியது. மண்டபத்தில் ஏசி ஓடியது. வெளியே ஈரக்கரி வாசனை, உள்ளே சென்ட் வாசனை. முன்வரிசையில் பட்டுப் புடவைகள், ஓரத்தில் காண்டிராக்டர், மேடை நடுவில் பெரிய அதிகாரி. அம்மாவும் அப்பாவும் பின்னால் ஒரு தூண் பக்கம் நின்றார்கள். முதல் ஷிப்ட் முடிந்த ஆட்கள் குளிக்காமல்கூட அப்படியே வந்து கதவருகே கும்பலாக நின்றார்கள். கையில் ஹெல்மெட், புருவத்தில் பழுப்புத் தூள். யாரோ சாய்ந்ததில் வெள்ளைச் சுவரில் பழுப்பாக ஒரு கை பதிந்திருந்தது. மாமா என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு முன்னால் பேசிய அதிகாரி வீட்டுப் பெண், "ஐ விஷ் ஐ வேர் எ பேர்ட்" என்றாள். போயிற்று. பறவையை அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் "சோ ஸ்வீட்" என்றார்கள். அடுத்து ஒரு பையன் நீந்தத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றான். அதிகாரி சிரித்து, நீச்சல் குளத்தில் சேர்த்துவிடச் சொன்னார். அடுத்தது நான்.

மைக் என் உயரத்துக்கு இறங்கும்போது கீச்சென்று கத்தியது. மேடம் ஓரத்தில் கை கட்டி நின்றார். காண்டிராக்டர் புன்னகையோடு இருந்தார்.

"ஐ விஷ்" என்றேன்.

பிறகு, "ஐ விஷ் மை" என்றேன்.

வேர், வுட், பறவை, மூன்றும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டன. "ஐ விஷ்... ஐ விஷ்..." மைக் என் மூச்சைப் பெரிதாக்கி மண்டபம் முழுக்கப் பரப்பியது. யாரோ ஒரு பெண்மணி "பாவம்" என்றார். என் அரைக்கால் சட்டைக்கு அப்போது என்ன நேர்ந்தது என்பது அந்த மேடை விரிப்புக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேட் கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கிற ஆள் திடீரென்று வார்த்தை மறந்து திணறினால், கீழே நிற்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருவர் கையை உயர்த்திக் கோஷம் போடுவார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்த இடைவெளியில் பேசுகிறவர் தண்ணீர் குடித்து, விட்ட வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். யாரும் யோசித்துச் செய்வதில்லை. குழந்தை விழப் போனால் கை நீளுகிற மாதிரி.

கதவருகிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"தொழிலாளர் ஒற்றுமை!"

"ஓங்குக!" என்றது கும்பல். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"தொழிலாளர் ஒற்றுமை!"

"ஓங்கு..." அதற்குள் எங்கே நிற்கிறோம் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சத்தம் பாதியில் அறுந்தது. அறுந்த பிறகு, தூண் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் தாமதமாக, முழுசாக, "ஓங்குக" என்றது.

அது எங்கள் அப்பா.

காண்டிராக்டர் நாற்காலியில் முழுக்கத் திரும்பியிருந்தார். ஆனால் தூணைப் பார்க்கவில்லை. இறங்க மறந்து இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்த மாமாவின் கையைத்தான் பார்த்தார்.

மேடம் மேடையேறி வந்து என் தோளைப் பிடித்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஐ விஷ் மை ஃபாதர் வேர் பெர்மனென்ட். இதுதான் சார் இவன் வாக்கியம். நான்தான் திருத்திக் கொடுத்தேன்" என்றார். ஒரு சொல் நடுங்கவில்லை.

பெரிய அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "வெரி குட் கிராமர்" என்றார். என் கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்தார்.

பாஸ் கொடுக்கிற நாள் அதே வாரத்தில் வந்தது. விடிகாலையில் அப்பா கிளம்பிப் போனார். அம்மாவும் நானும் வாசலில் உட்கார்ந்தோம். கணக்கு எங்கள் இருவருக்கும் தெரியும். காலையிலேயே திரும்பி வந்தால் பாஸ் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் இருக்கிறது. பாதையில் எந்த சைக்கிள் வந்தாலும் அம்மா எழுந்து நின்றார். எழுந்து நின்று, வேறு யாரோ என்று தெரிந்ததும், எதற்கோ எழுந்தது போல முற்றத்தைப் பெருக்கினார். அன்றைக்கு எங்கள் முற்றம் அவ்வளவு சுத்தம். நான் பள்ளிக்குப் போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மத்தியானம் தாண்டி அப்பா வந்தார். உடம்பெல்லாம் பழுப்பு. அழுக்கைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

"குடுத்துட்டாரு" என்றார். செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "'உம் பையன் ஒண்ணும் சொல்லலியே. உன்ன மாதிரியே பயந்தவன். நல்லதுதான்'னு சொல்லிட்டுக் குடுத்தாரு."

"அண்ணனுக்கு?" என்றார் அம்மா.

அப்பா குளிக்கப் போய்விட்டார்.

மாமாவின் பேரைக் கூப்பிடவில்லை. ஆட்கள் அவருக்காகக் கொஞ்ச நாள் கேட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். காண்டிராக்டர் மரத்தடிக்கு வருவதை நிறுத்திவிட்டு வேறு ஆளை அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் சொந்த பாஸ் ஞாபகம் வந்தது. அப்பா மாமாவிடம் பேசுவதையே விட்டுவிட்டார். "புள்ளைங்க விழாவுல போயி சங்கம் நடத்தறான். என் பாஸும் சேந்து போயிருக்கும்" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். மாமா அரசியலுக்காகத்தான் கத்தினார் என்று அவர் கடைசிவரை நம்பினார். அல்லது நம்புவதுதான் அவருக்குச் சௌகரியம். தாமதமாக வந்த அந்த ஒற்றை 'ஓங்குக'வைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அந்தச் சத்தம் கேட்டதாக அம்மாகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்து மாமா திருப்பூருக்குக் கிளம்பினார், பனியன் கம்பெனிக்கு. அம்மா எலுமிச்சம் சோறு கட்டி என்னிடம் கொடுத்தார். அப்பா அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பொட்டலத்தோடு வாசல் தாண்டுகிறவரை கழுவிக்கொண்டே இருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் மாமா ஒரு ரெக்சின் பையோடு நின்றார். புருவம் சுத்தமாக இருந்தது. அதனாலேயே வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"வாடா, கோர்ட்டுல சாட்சி சொல்றவன் மாதிரி நிக்கற! ஒங்கம்மா குடுத்துச்சா?"

பொட்டலத்தைக் கொடுத்தேன். கேட்க வந்ததை மூன்றாவது முயற்சியில்தான் கேட்டேன். வழக்கம்தான்.

"மாமா, நீங்க ஏன் மாமா கத்துனீங்க?"

"நீ தெணறுன. வாயி பழக்கம்டா. மேடையில ஒருத்தன் தெணறுனா அது தானா கத்திடும். இடம் பாக்காது." சிரித்தார். "அது போவட்டும். இன்னா பாடம் நடக்குது இப்ப?"

"அதே விஷ்தான் மாமா. போன வாரம் இன்னொண்ணு சொல்லிக் குடுத்தாங்க. நடந்து முடிஞ்சதுக்கு. அப்படி நடக்காம இருந்திருக்கலாமேன்னு ஏங்கறதுக்கு. இனிமே மாத்த முடியாததுக்கு 'ஹேவ்'வ பின்னால தள்ளி 'ஹேட்' போடணுமாம்."

"பாருடா, அதுக்கும் ஒரு சொல்லு வச்சிருக்கானா! சரி, நான் கத்தாம இருந்திருக்கலாம்னு எப்படிச் சொல்லுவ?"

"ஐ விஷ் ஐ ஹேட் நாட் ஷௌட்டட்."

மாமா அதைத் திருப்பிச் சொன்னார். இரண்டாம் தடவை இன்னும் தெளிவாகச் சொன்னார். கடையில் செருப்பைக் காலில் போட்டு ரெண்டு அடி நடந்து பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். பண்ருட்டி பஸ் வந்து நின்றது.

"சொல்லு நல்லாத்தான்டா இருக்குது" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். "எனக்கு அளவு சேரல."